அறுபதைத் தாண்டாத முழங்கால்

அத்தியாயம் பதினொன்று

இனாயாத் அம்மாவுக்கு வலது முழங்கால் மாற்றி இன்றோடு இருபத்து நான்கு நாள். தையல் பிரித்தாகிவிட்டது. வீக்கமும் கொஞ்சம் வடிந்திருந்தது. போர்ட் சயீதில் ஆபரேஷன் செய்த டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "என் வேலை சுத்தமா முடிஞ்சுது ஹாஜ்ஜா. இனி உங்க வேலைதான் பாக்கி" என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்.

அந்தப் பாக்கி வேலைதான் நடக்கவில்லை. கால் மடங்க மறுத்தது.

மகள் நெர்மீன் பள்ளிக்கூடத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு, கணவன் வக்தியையும் பத்து வயது தாலியாவையும் அக்கரைப் போர்ட் சயீதில் விட்டுவிட்டு, போர்ட் ஃபுவாதில் அம்மாவின் மூன்றாம் மாடிக்கு வந்து தங்கியிருந்தாள். படகில் ஏறினால் கால்வாயைக் கடக்கப் பத்து நிமிஷம்தான். இருந்தும் இதுவரை மூன்று தடவைதான் வீட்டுக்குப் போய் வந்திருந்தாள். அம்மாவின் கால் ஒரு காரணம். இன்னொரு காரணம் தம்பி ஹாஸிம்.

ஹாஸிம் துறைமுகத்திலிருந்து கெய்ரோவுக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டியவன். தூக்கத்தை விரட்ட லாரி ஸ்டாண்டில் ஒரு மாத்திரை வாங்கிப் போட ஆரம்பித்தான். பிறகு அது இல்லாமல் எழுந்திருக்க முடியாது என்றாகிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே மயக்கத்தில் வக்தியின் காரை விளக்குக் கம்பத்தில் மோதினான். பின் ஸீட்டில் தாலியா இருந்தாள். அவள் கை முறிந்தது. அன்றிலிருந்து வக்தி மைத்துனனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. இஸ்மாயிலியா சிகிச்சை மையத்தில் ஏழு மாதம் இருந்து திரும்பிய ஹாஸிம், இப்போது டயர் கடையில் வேலை செய்கிறான். திரும்பி வந்து ஐந்து மாதமாகச் சுத்தமாக இருக்கிறான்.

அம்மாவின் வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பதும் அதே மருந்துதான்.

அட்டை வேறு, நிறம் வேறு. பச்சையும் மஞ்சளுமாக ஒரு கேப்ஸ்யூல். பயிற்சிக்கு அரை மணி முன்னால் ஒன்று, படுக்கும்போது ஒன்று. அதற்கு நடுவே சாதாரண வலி மாத்திரை நேரம் தவறாமல். அந்தப் பெட்டியை நெர்மீன் தன் கைப்பையில் வைத்து ஜிப் போட்டிருந்தாள். குளிக்கப் போனாலும் பை கூடவே போகும்.

அன்று திங்கட்கிழமை. பதினோரு மணிக்குப் பிசியோதெரபிஸ்ட் ஸிஹாம் வந்தாள். அடுத்த தெருவில் இருப்பவள். முழங்கையில் மாவு ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஹாஜ்ஜா, இன்னிக்கு எழுபதைப் பாத்துடுவோமா?"

"நீ என் காலைப் பாக்கறதைவிட அந்தப் பிளாஸ்டிக் ஸ்கேலைத்தான் பாக்கறே" என்றாள் அம்மா. "உங்கப்பா கசாப்புக் கடை வெச்சிருந்தாரா?"

"மீன் கடை. மீனைவிட நீங்க தேவலாம். ஆனா மீன் இந்தப் பேச்சுப் பேசாது."

அம்மா சிரித்தாள். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போன் மாட்டியிருந்த குரல் அது. சிரிப்பும் அப்படித்தான், மணி அடித்த மாதிரி இருக்கும். ஸிஹாம் குதிகாலைப் பிடித்து மெல்ல உள்ளே தள்ளத் தொடங்கியதும் அந்தச் சிரிப்பு அணைந்தது.

முக்காட்டின் ஓரத்தைப் பல்லுக்கு நடுவே திணித்துக்கொண்டாள் அம்மா. சத்தம் வரவில்லை. நெற்றியில் மட்டும் வேர்வை பொட்டுப் பொட்டாகக் கிளம்பியது. தொடை மரக்கட்டையாக இறுகியது. நெர்மீன் அம்மாவின் தோளைப் பிடித்தாள்.

"விடுங்க, காலைத் தளர்த்துங்க... எனக்கு எதிரா இழுக்காதீங்க ஹாஜ்ஜா..."

கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று கோணமானியை வைத்துப் பார்த்தாள் ஸிஹாம். அறுபது. சனிக்கிழமை அறுபத்தைந்து இருந்தது.

கால்மாட்டில் தலையணை வைத்து, துண்டில் சுற்றிய உறைந்த முலூக்கியாக் கீரைப் பொட்டலத்தை முழங்கால்மேல் சாத்திவிட்டு, ஸிஹாம் நெர்மீனை வாசல் பக்கம் தள்ளி அழைத்துப் போனாள்.

"மாத்திரை குடுத்தீங்களா?"

"பத்தரைக்கு என் கையால குடுத்தேன்."

"நூறு பேரு காலைப் பிடிச்சிருக்கேன் நெர்மீன். மாத்திரை போட்டவங்க காலு இப்படி இறுகாது. வலிக்கும், ஆனா பொறுக்கற மாதிரி வலிக்கும். இவங்க..." அவள் குரலைத் தாழ்த்தினாள். "பெட்டி எங்க இருக்கு?"

"என் பையில."

"எப்பவும்?"

ஸிஹாமின் கண் ஒரு நொடி ஹாஸிமின் அறைக் கதவுக்குப் போய்த் திரும்பியது. தெருவுக்கே தெரிந்த கதைதானே.

"வியாழக்கிழமை டாக்டர் பாப்பாரு. இப்படியே அறுபதுல நின்னா மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குத் தேதி குறிச்சுடுவாரு. மயக்கம் குடுத்து வலுவா மடக்கணும். இந்த வயசுல ரெண்டாவது மயக்கம் வேணாம். நான் நாலு மணிக்கு மறுபடி வரேன். அதுக்குள்ள என்னன்னு பாருங்க."

அவள் போனதும் நெர்மீன் பெட்டியைத் திறந்து எண்ணினாள். சரியாக இருந்தது. இன்னொரு தரம் எண்ணினாள். ஒன்றுகூடக் குறையவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனால் நிம்மதி வரவில்லை.

கையும் ஓடாமல் காலும் ஓடாமல், துணி துவைக்கலாம் என்று போனாள். ஹாஸிமின் நீலநிற வேலைச் சட்டை, ரப்பர் நாற்றத்தோடு கூடையின் மேலேயே கிடந்தது. வழக்கம்போல் பைகளைத் துழாவினாள். மார்புப் பையில் நாலாக மடித்த காகிதக் கைக்குட்டை ஒன்று விரலில் தட்டியது.

பிரித்தாள். உள்ளே பச்சையும் மஞ்சளுமாக ஒரு கேப்ஸ்யூல்.

குளியலறைத் தொட்டியின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெட்டியில் கணக்குச் சரி. அப்படியானால் இது எங்கிருந்து வந்தது? வெளியில் வாங்குகிறானா? அம்மாவுக்குக் கொடுப்பதை அவள் கண்ணயரும்போது எடுத்துக்கொள்கிறானா? ஐந்து மாதமும் நடிப்பா?

போனில் அவள் சொன்னது இரண்டே வார்த்தை. "வீட்டுக்கு வா."

ஹாஸிம் கால் மணி நேரத்தில் வந்தான். கைகூடக் கழுவவில்லை. "அம்மாவுக்கு என்னாச்சு?" என்று மூச்சிரைக்கக் கேட்டான்.

அவள் அவனைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். அடுப்பில் பருப்பு சூப் கொதித்துக்கொண்டிருந்தது. மேஜைமேல் கைக்குட்டையை விரித்துக் காட்டினாள்.

அவன் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்தது. ஆனால் மறுக்கவில்லை.

"எத்தனை நாளா?"

"சனிக்கிழமை காலையிலருந்து."

"யா ரப்பி..." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "சத்தியம் பண்ணினியே! குர்ஆன்மேல கை வெச்சியேடா..."

"முழுங்கல அக்கா."

"பொய் சொல்லாத."

"வல்லாஹி முழுங்கல. முழுங்கியிருந்தா உன் கையில எப்படி இருக்கும்?" அவன் குரல் உடைந்தது. "அம்மாவோட சோஃபாவுக்கு அடியில பெருக்கும்போது வந்துச்சு. ரெண்டு நாளா பாக்கெட்டுல வெச்சுக்கிட்டுச் சுத்தறேன். வாயில போடல. தூக்கிப் போடவும் முடியல. கடையில டயரைக் கழட்டறப்ப ஒவ்வொரு தடவை குனியும்போதும் அது நெஞ்சுல உரசுது. பைத்தியம் பிடிச்ச மாதிரி இருக்கு. இன்னிக்குக் காலையில சட்டையை வேணும்னுதான் கூடையில போட்டுட்டு வேற சட்டையோட ஓடினேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ எப்படிப் பாப்பேன்னு தெரியும். இதோ, இப்பப் பாக்கறியே, இப்படித்தான்."

நெர்மீன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீயே அதைத் தண்ணியில போட்டுடு. என் கண்ணு முன்னால போடு. என் கையால முடியாது."

அவள் கேப்ஸ்யூலைப் பிரித்துத் தூளைச் சமையலறைத் தொட்டித் தண்ணீரில் கரைத்தாள். வெள்ளையாகச் சுழன்று ஓட்டைக்குள் இறங்கும்வரை ஹாஸிம் இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டான்.

அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில்தான் அவளுக்கு உறைத்தது.

"சோஃபாவுக்கு அடியிலயா?"

"ஆமா."

"நான் அம்மா கையில குடுத்த ஒண்ணா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு தடவையும் அம்மா கேப்ஸ்யூலை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாள். பிறகு முக்காட்டு ஓரத்தால் வாயைத் துடைத்துக்கொள்வாள். "போய் அடுப்பைப் பாருடீ, கருகுது" என்பாள். ஒருநாளும் எதுவும் கருகியதில்லை.

கூடத்துச் சோஃபாவில் அம்மா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே வந்த விதத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது. கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"ஸிஹாம் கண்டுபிடிச்சாளா?"

"வீட்டுக்கு வந்ததுலருந்து ஒண்ணுகூட முழுங்கலையா அம்மா?"

"ஆஸ்பத்திரியில ஊசியில ஏத்தினாங்க. அது என்னைக் கேக்காம நடந்தது. வீட்டுல... இல்ல. நாக்குக்கு அடியில வெச்சு, வாயைத் துடைக்கற சாக்குல முக்காட்டு ஓரத்துல எடுத்துப்பேன். அப்புறம் பாத்ரூம் போறப்ப தண்ணியில விட்டுடுவேன். வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறதுல ஒண்ணு எங்கயோ விழுந்துடுச்சு. தேடினேன். குனிய முடியல." திடீரென்று கண்ணைத் திறந்தாள். "யார் எடுத்தது?"

"நான் எடுத்தேன். தண்ணியில போட்டாச்சு" என்றாள் நெர்மீன் சட்டென்று.

ஹாஸிம் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவன் கண்ணில் நன்றியா, வருத்தமா, அவளுக்குப் பிடிபடவில்லை.

"ஏன் அம்மா? உனக்கும் பழகிப் போயிடும்னு பயமா? டாக்டர்தான் அன்னிக்கு அவ்வளவு விளக்கிச் சொன்னாரே!"

"பயமெல்லாம் இல்ல."

"அப்புறம்?"

அம்மா ஹாஸிமின் முகத்தைப் பார்க்காமல், அவன் அறைக் கதவைப் பார்த்துப் பேசினாள்.

"இஸ்மாயிலியாவுக்கு அனுப்பறதுக்கு முன்னால நாலு நாள் அந்தக் கதவை வெளியிலருந்து பூட்டி வெச்சேன். உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கல. எலும்புக்குள்ள நாய் கடிக்குதும்மா, திறம்மான்னு கத்தினான். நான் இங்க நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டு, வலிதானேடா, பொறுத்துக்கோ, வலியில யாரும் செத்துட மாட்டாங்கன்னு சொன்னேன். நாலு நாளும் அதையேதான் சொன்னேன்." அவள் குரல் முதல்முறையாகத் தடுமாறியது. "இன்னிக்கு எனக்குக் காலு வலிக்குதுன்னு, அவனுக்குக் குடுக்காத அதே மருந்தை அவன் இருக்கற வீட்டுலயே உக்காந்து நான் முழுங்கணுமா? எனக்கு வாய் திறக்கல."

வெளியே கால்வாயில் ஏதோ பெரிய கப்பல் போனது. ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

ஹாஸிம் தரையில், அம்மாவின் நீட்டிய காலுக்கு அருகில் உட்கார்ந்தான்.

"அம்மா, அன்னிக்கு நீ திறந்திருந்தா நான் உன்னைக் கட்டிப்பிடிச்சிருக்க மாட்டேன். நேரா லாரி ஸ்டாண்டுக்கு ஓடியிருப்பேன்."

"இப்ப இப்படிச் சொல்றே."

"எப்பவும் சொல்வேன். அது மாத்திரை குடுத்த வலி. மாத்திரையை விட்டாத்தான் போகும். இது கத்தி வெச்ச வலி. எலும்பை அறுத்து இரும்பு வெச்சிருக்காங்க. ரெண்டும் ஒண்ணா?"

"உனக்கு என்னடா தெரியும்?"

"நல்லா இருக்கே! இந்த வீட்டுல இந்த மாத்திரையைப் பத்தி என்னைவிடத் தெரிஞ்சவங்க யாரு?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்தில் முழங்கால் அசைந்து, "ஆ!" என்று அலறினாள். இருபத்து நான்கு நாளில் அவள் வாய்விட்டு அலறியது அதுதான் முதல் தடவை.

"கேளு" என்றான் ஹாஸிம் மெதுவாக. "உன் முனகல் சுவரு வழியா எனக்குக் கேக்குது. நீ வலியில கிடந்தா என் கணக்குத் தீரும்னு நினைக்கறியா? தீராது. எனக்குப் பயமாத்தான் இருக்கு. நீ நடக்க முடியாமப் போனா அதுக்கும் நான்தான் காரணம்னு ஆயிடும். அதை என்னால தாங்க முடியாதும்மா."

மூன்றரை மணிக்கு, இரண்டு கரண்டி சூப்புக்குப் பிறகு, நெர்மீன் கேப்ஸ்யூலை எடுத்துக் கொடுத்தாள். ஹாஸிம் டம்ளரைப் பிடித்துக்கொண்டான். அம்மா விழுங்கிவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

நாலு மணிக்கு ஸிஹாம் குதிகாலைப் பிடித்தாள். "இன்னும்... இன்னும்... சபாஷ் ஹாஜ்ஜா" என்று தள்ளிக்கொண்டே போனாள். அம்மாவின் முகம் சுளித்தது. ஆனால் முக்காட்டைக் கடிக்கவில்லை. தொடை இளகிக் கொடுத்தது. கோணமானி எழுபத்தெட்டில் நின்றது.

நெர்மீன் சுவரில் சாய்ந்து அழுதுவிட்டாள். ஸிஹாமுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்.

"மாத்திரை முதல் தடவை உள்ளே போயிருக்கு. தலை சுத்தலாம், வாந்தி வரலாம். தனியா எழுந்திருக்க விடாதீங்க. யாராவது ஒருத்தர் பக்கத்துலயே இருக்கணும். எழுந்து விழுந்தா நாம பட்ட பாடெல்லாம் போச்சு."

அவள் போனபிறகு ஹாஸிம் அம்மாவின் கால்மேல் கீரைப் பொட்டலத்தைச் சரிசெய்துகொண்டிருந்தான். அம்மா கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். நெற்றிச் சுருக்கமெல்லாம் விரிந்து, பத்து வயது குறைந்த மாதிரி இருந்தாள்.

"யா ஸலாம்..." என்று முணுமுணுத்தாள். "இவ்வளவு லேசா இருக்குமா? உடம்பே இல்லாத மாதிரி இருக்கே..."

பிறகு கையை நீட்டி மகனின் தலைமுடியைத் தொட்டாள். குத்தலே இல்லை அந்தக் குரலில். இத்தனை வருஷம் புரியாதது புரிந்துவிட்ட கனிவுதான் இருந்தது.

"இதுக்காகத்தானாடா ஹபீபி?"

ஹாஸிமின் கை நின்றது.

"ஆமாம்மா" என்றான். "இதுக்காகத்தான்."

அம்மாவின் கண் மூடிக்கொண்டது. அவன் அவள் கையை எடுத்து மெத்தைமேல் வைத்தான். பொட்டலத்தை எடுத்துப் போய் ஃப்ரீசரில் வைத்தான். துண்டை மடித்தான். எல்லாம் மிக ஒழுங்காக, மிக மெதுவாக நடந்தது. கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு கதவுக்குப் போனான்.

"எங்கடா?"

"சும்மா, கொஞ்சம் காத்தாட நடந்துட்டு வரேன்."

"ஹாஸிம், நானும்..."

"அம்மாகிட்ட இரு அக்கா."

மாடிப்படியில் அவன் காலடிகள் இறங்கிப் போயின. நெர்மீன் பால்கனிக்கு ஓடினாள். குளிர்கால மேகத்துக்குள் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கீழே அவன் தெருவுக்கு வந்தான். டயர் கடை இடதுபக்கம். பள்ளிவாசலும் இடதுபக்கம். அவன் ஒரு நிமிஷம் நின்றான். பிறகு வலதுபக்கம் திரும்பினான்.

வலதுபக்கத்தில் படகுத்துறையைத் தவிர வேறு எதுவும் இல்லை. அக்கரையில் இறங்கினால் லாரி ஸ்டாண்டு நடக்கும் தூரம்.

"ஹாஸிம்!" என்று கத்தினாள். காற்று அதை வாங்கி எங்கோ கொண்டுபோய்விட்டது. போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை.

உள்ளே அம்மா புரண்டாள். "நெர்மீன், பாத்ரூம் போகணும்டீ" என்று குழறலாகச் சொன்னாள். நல்ல காலைத் தரையில் ஊன்ற முயன்றாள்.

"அசையாத அம்மா! இதோ வரேன்!"

ஓடிப்போய் ஒரு கையால் அம்மாவின் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். விட்டுப் போக முடியாது. போகாமலும் இருக்க முடியாது. மறு கையால் வக்தியின் எண்ணைத் தட்டினாள். சுங்க அலுவலகம் முடிந்து அவன் கிளம்பியிருக்கும் நேரம்.

"என்ன நெர்மீன்? அம்மாவுக்கு ஏதாவதா?"

"அம்மா நல்லா இருக்காங்க. ஹாஸிம் படகுல வரான்."

அம்மாவை மெத்தையில் சாய்த்தபடியே நெர்மீன் தொடர்ந்தாள்.

"தனியா வரான். போனை எடுக்க மாட்டேங்கறான். நான் இங்கருந்து நகர முடியாது. நீங்க... துறைக்குப் போங்களேன்."

"போய் என்ன பேசறது அவன்கிட்ட?"

"ஒண்ணும் பேச வேணாம். இறங்கும்போது அவன் கண்ணுல படற மாதிரி நின்னா போதும்."

வக்தி தணிந்த குரலில் சொன்னான். "தாலியா என்கூட இருக்கா. டியூஷன்லருந்து இப்பத்தான் கூட்டிட்டு வரேன். கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா."

திறந்த பால்கனிக் கதவு வழியாகத் தெருக்கோடியில் படகுத்துறை தெரிந்தது. படகின் இரும்புத் தட்டு மேலே தூக்கப்பட்டது. கரைக்கும் படகுக்கும் நடுவே தண்ணீர் அகலமாகிக்கொண்டே போனது.

நெர்மீன் அம்மாவின் தோளை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அவளையும் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

சொன்ன பிறகுதான், அவனால் கை முறிந்தவளையே அவன் எதிரில் நிறுத்தச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. வக்தி சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போனை வைக்கவும் இல்லை. அவன் பக்கத்திலிருந்து, "யாரு பாபா வராங்க?" என்று மகள் கேட்பது கேட்டது.